இரும்புக்கு ஒரு சட்டை

சதுரங்கப்பட்டினத்தில் என் அத்தை வீடு. டச்சுக்காரர் கோட்டையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. மாடிக்குப் போனால் கடல் தெரியும், கீழே இருந்தாலும் கடல் நம்மை விடாது. போன கார்த்திகையில் நான் போயிருந்தபோது அவர் மருமகளுக்கு ஆறாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகளை அத்தை அட்டையிலிருந்து ஒன்றுவிடாமல் பிதுக்கி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அடுப்படி ஜன்னலில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தினமும் காலையில் கையோடு ஒன்று எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்குமாம். அக்கறையில் செய்த காரியம்.

டப்பாவைத் திறந்தேன். மாத்திரைகள் ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. சிவப்புப் பூச்சு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. சிலவற்றில் மயிரிழை வெடிப்பு, வெடிப்பின் ஓரத்தில் துருப்பிடித்த ஆணியின் நிறம்.

"கடக்காத்து எதைப்பா விட்டுச்சு, இதை விட? கதவு கீல் போச்சு, கிரைண்டர் போச்சு," என்றார் அத்தை.

அவர் சொன்னது ரசாயனப்படியும் சரி. கீல் துருப்பிடித்ததும் மாத்திரை கெட்டதும் அடிப்படையில் ஒரே வேலை. இரும்பும் காற்றின் ஆக்சிஜனும் சந்தித்துக்கொள்ள நடுவில் ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை வெளியே நிறுத்தி வைத்திருந்தது அட்டையின் அலுமினியத் தாள். அத்தை அதை வெறும் பொட்டலமென்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிட்டார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். சத்து என்பது உள்ளே இருக்கும் பொருள், உறை என்பது வியாபாரிகளின் சமாச்சாரம் என்று. இந்தக் கடலோரத்தில் உறை இல்லாமல் சத்து இல்லை என்பதை எனக்குக் காட்டியது அந்த டப்பாதான்.

அன்று ராத்திரி ஜன்னல் திண்டில் மூன்று சாசர் வைத்தேன். ஒன்றில் கல் உப்பு, ஒன்றில் பாக்கெட் தூள் உப்பு, ஒன்றில் சர்க்கரை. வெளியே மழை விட்டு தூறல் மட்டும் இருந்தது. விடிந்து பார்த்தால் கல் உப்பு தன்னைச் சுற்றி ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது. தூள் உப்பு கட்டியாகிவிட்டது. சர்க்கரையின் ஓரம் மட்டும் லேசாகப் பிசுபிசுத்தது.

முறுக்கு நமுத்துப்போச்சு என்கிறோம், உப்பு தண்ணி விட்டுடுச்சு என்கிறோம். இரண்டும் வேறு வேறு. முறுக்கு பஞ்சுபோல, ஈரம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். உப்பு அப்படியல்ல. அதற்கு ஒரு வாசற்படி உண்டு. நம் வீட்டு வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை தூய உப்புக் கல் உலர்ந்தே இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, அந்தத் தண்ணீரிலேயே தான் கரைய ஆரம்பித்துவிடும். சர்க்கரைக்கு வாசற்படி இன்னும் உயரம், சுமார் 85. கடல்நீரில் உப்போடு கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ வெறும் 33. கோடைப் பகலில்கூட இந்தக் கடற்கரைக் காற்று பெரும்பாலும் அந்த 33-ஐத் தாண்டித்தான் நிற்கும். கல் உப்பின் மேல் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மெக்னீசியமே அதை முதலில் நனைத்துவிடுகிறது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பியது. அதன் சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கியதில் இதே வாசற்படிக்குப் பங்கு உண்டு. அலைத்திவலையில் வந்த உப்பு கல்லின் நுண்துளைக்குள் இறங்கும். ஈரமான இரவில் கரையும், காய்ந்த பகலில் திரும்பப் படிகமாகும். படிகமாகும்போதெல்லாம் துளையை உள்ளிருந்து நெட்டும். தொல்லியல் துறையினர் காகிதக்கூழை நனைத்துச் சுவரில் அப்பிக் காயவிட்டு அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கருங்கல்லுக்கே இந்தப் பாடு.

தனியாக இருக்கும்போது திடமாக இருப்பவை கூட்டாக இருக்கும்போது சீக்கிரம் இளகிவிடும் என்பது இதைவிட முக்கியமான விஷயம். சுத்தமான வைட்டமின் சி படிகம் 98 விழுக்காடு ஈரம் வரை அசையாது. மழைக்குள்ளேயே வைத்தது போன்ற காற்று அது. ஆனால் அதைச் சர்க்கரையோடோ வேறு உப்போடோ சேர்த்து ஒரே பொடியாக்கினால், கலவையின் வாசற்படி இரண்டில் எது தாழ்ந்ததோ அதையும்விடக் கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் லிசா மாவர் என்னும் உணவு விஞ்ஞானி இதைப் பல ஆண்டுகளாக அளந்து காட்டியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு சத்துகளை ஒரே மாத்திரையில் அடைக்கும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் முதலில் இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில்தான் தங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளியில் வைட்டமின் சி ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும். ரெண்டு இணைதிறன் உள்ள இரும்பு மூன்று இணைதிறன் இரும்பாக மாறும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையில் அமிலமும் சோடா உப்பும் அது வரும் குழாய்க்குள்ளேயே சண்டையை ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்தக் குழாயின் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்து அடைக்கிறார்கள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூரைத் தாண்டினால் ஆலத்தூர். அங்கே அரசின் சிறுதொழில் நிறுவனமான சிட்கோவின் மருந்து ஆலை வளாகம் இருக்கிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட இடத்தில் மாத்திரை செய்வதென்றால் முதலில் காற்றைச் செய்ய வேண்டும். சிலிகா பூசிய பெரிய சக்கரம் மெல்லச் சுழலும். அதன் ஒரு பாதி வழியாக அறைக்குப் போகும் காற்று ஈரத்தை விட்டுச் செல்லும். மறுபாதியில் சூடான காற்று அந்த ஈரத்தைக் கிளப்பி வெளியே தள்ளும். ஈரம் ஆகாத பொடிகளைக் கையாளும் அறைகள் இப்படித்தான் உலர்த்தப்படுகின்றன. செய்து முடித்த மாத்திரையையும் சும்மா விடுவதில்லை. 40 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரம் உள்ள அலமாரியில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். இந்தியாவின் நீண்டகாலச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள அளவு 30 டிகிரி, 70 விழுக்காடு. ஈரத்தைப் பொறுத்தவரை என் அத்தையின் ஜன்னல் கார்த்திகை மாதம் முழுக்க அதைவிடக் கடுமையான சோதனைக்கூடம்.

இந்த ஈரச் சிக்கலுக்கெல்லாம் கேப்சூல் மருந்து என்ற நினைப்பும் சரியல்ல. சாதாரண ஜெலட்டின் கூட்டின் எடையில் 13 முதல் 16 விழுக்காடு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் போய்விட்டால் கூடு நொறுங்கும், கூடினால் ஒட்டும். ஈரம் ஆகாத பொருளை அதற்குள் போட்டால் கூடே எதிரியாகிவிடும். தாவரச் செல்லுலோஸில் செய்த கூடு அதில் பாதிக்கும் குறைவான தண்ணீரோடு நிற்கும். நல்ல பாக்டீரியாக்களை உறைய வைத்து உலர்த்தி அடைப்பவர்கள் அந்தக் கூட்டைத் தேடுவது அதனால்தான்.

நம் வீடுகளுக்கு இந்த அறிவு புதிதல்ல. சித்த மருத்துவம் சூரணத்துக்கு மூன்று மாதமும் இளகத்துக்கு ஆறு மாதமும் ஆயுள் வைத்தது. பொடிக்குப் பரப்பு அதிகம், ஈரத்துக்கு வாசல் அதிகம். அதையே வெல்லப்பாகிலும் நெய்யிலும் கிளறினால் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு நெய்ப் போர்வை கிடைக்கிறது. மிஞ்சிய தண்ணீரைப் பாகு தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறுகாய்க்கு மேல் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்க வேண்டும் என்று பாட்டி அடம்பிடித்ததும் இதே காரணத்துக்குத்தான். சீரக மிட்டாய் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சீரகத்தைத் தட்டில் உருட்டிக்கொண்டே பாகைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரு சுற்று காய்ந்தபின் அடுத்த சுற்று. அத்தையின் டப்பாவில் வெளுத்துப்போன சிவப்புப் பூச்சும் பெரிய இயந்திரச் சட்டியில் அப்படி உருட்டி ஏற்றிய சர்க்கரைதான். 85 விழுக்காடு வரை அது தாங்கும். அதற்கு மேல் தாங்க அலுமினியம் வேண்டும்.

அத்தை வீட்டு ஜன்னலில் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த உப்பு ஜாடிக்கு வருகிறேன். பூச்சு வேலையின் உண்மையான சவால் உப்பில்தான் இருக்கிறது, அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு.

உப்பில் அயோடின் சேர்ப்பது நமக்குப் பழகிவிட்டது. 1950-களில் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பு கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. ஈரமான வெப்ப நாட்டில் அயோடைடு நிற்காது என்பதால் இங்கே பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்க்கிறோம். உங்கள் உப்பில் அது இருக்கிறதா என்று பார்க்க, சென்னையில் தயாராகும் எம்.பி.ஐ. சோதனைப் பெட்டியின் ஒரு சொட்டு போதும். உப்பு மேல் விட்டால் ஊதாவாக மாறும். யூனிசெஃப் வழியாக அந்தச் சின்ன குப்பி பல நாடுகளுக்குப் போயிருக்கிறது.

அடுத்து எழுந்த கேள்வி, அதே உப்பில் இரும்பையும் சேர்த்தால் என்ன என்பது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாத்திரை மறந்துபோகும், உப்பு மறக்காது. எழுபதுகளிலிருந்தே ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பி.எஸ். நரசிங்க ராவும் உடனிருந்தவர்களும் இதற்காக உழைத்தார்கள். இரும்பு மட்டும் சேர்த்த உப்பைப் பல ஊர்களில் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1982-ல் வெளியிட்டார்கள். அந்த ஊர்களில் சென்னையும் ஒன்று.

இரண்டையும் சேர்க்கும்போதுதான் சிக்கல். இரும்பும் அயோடேட்டும் உலர்ந்திருந்தால் ஒரே பாக்கெட்டில் அண்ணன் தம்பிபோல இருக்கும். உப்புக் கல்லின் மேல் ஒரு மெல்லிய ஈரப்படலம் வந்தால் போதும், இரும்பு அயோடேட்டிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். அயோடின் தனியாக விடுபட்டு ஆவியாகிக் காற்றோடு போய்விடும். இரும்பு மூன்று இணைதிறனுக்கு மாறி உப்பை மஞ்சளாக்கி, பிறகு பழுப்பாக்கும். உடம்புக்கு ஏறுவதும் குறையும். ரெண்டு சத்து சேர்த்தோம் என்ற நினைப்பில் ரெண்டையும் இழந்த உப்பு மிஞ்சும்.

ஹைதராபாத்தார் எடுத்த வழி ரசாயன வழி. சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்துவைத்து அயோடேட்டிடம் போகவிடாமல் தடுக்கும். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல் பேராசிரியர் லெவெண்ட்டே டியோசாடி எடுத்தது சுவர் வழி. இரும்புத் துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை. எனக்கு இந்த இரண்டாவது வழியின் மேல் தனிப் பிரியம். சமையற்கட்டில் நிற்கிற பெண்ணின் கண்ணையும் கையையும் கணக்கில் எடுத்துச் செய்த விஞ்ஞானம் அது.

டியோசாடி குழுவினர் எடுத்துக்கொண்டது ஃபெரஸ் ஃப்யூமரேட் என்னும் இரும்புச் சேர்மம். செங்கல் பொடி நிறத்தில் இருக்கும் நுண்ணிய தூள். அப்படியே உப்பில் போட்டால் பாக்கெட்டை நாலு தரம் குலுக்கியதும் தூள் அடியில் போய்விடும். ஆகவே முதல் வேலை தூளை உப்பின் பருமனுக்குக் குருணையாக்குவது. தொடக்கத்தில் கீழிருந்து வரும் காற்றில் தூளை மிதக்கவிட்டு, பசையைத் தெளித்து உருண்டையாக்கினார்கள். பிறகு இன்னும் எளிய முறை வந்தது. மாவோடு இரும்புத்தூளைச் சேர்த்துப் பிசைந்து, சேமியா பிழிவதுபோல நுண்துளை அச்சு வழியாகப் பிழிந்து, உப்புக் குருணை அளவுக்கு நறுக்குவது. இடியாப்ப நாழி தெரிந்த எவருக்கும் இந்த இயந்திரம் புரியும்.

இரண்டாவது, நிறம். வெள்ளை உப்பில் சிவப்புக் குருணை இருந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்? முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிவோம். கல், மண், எலிப்புழுக்கை என்று பொறுக்கியே பழகிய கை அது. ஆகவே குருணையின் மேல் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளைப் பொடியைப் பூசினார்கள். பெயிண்டுக்கு வெண்மை தரும் அதே பொருள். மூன்றாவதுதான் ஈரத்துக்கு எதிரான சுவர். முதலில் பயன்படுத்தியது சோயா ஸ்டியரின். சோயா எண்ணெயை வனஸ்பதி செய்வதுபோல இறுக்கிய கெட்டிக் கொழுப்பு. தண்ணீருக்கும் அதற்கும் ஆகாது.

சுவர் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். ஜாடிக்குள் மாதக்கணக்கில் மூடியிருக்க வேண்டும், முன்சிறுகுடலில் திறந்துகொள்ளவும் வேண்டும். இரும்பை உடம்பு பெரும்பாலும் அந்த ஒரு சாண் நீளத்தில்தான் ஏற்றுக்கொள்கிறது. பூச்சு ரொம்பத் தடித்தால் இரும்பு சட்டையோடேயே அந்த இடத்தைக் கடந்து போய்விடும். மெலிந்தால் மழைக்காலம் தாங்காது. கொதிக்கும் சாம்பாரில் கொழுப்புச் சட்டை உருகத்தான் செய்யும். அதில் பாதகமில்லை. கடையிலும் ஜாடியிலும் ஆறேழு மாதம் இரும்பையும் அயோடினையும் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. சட்டியில் அவை சேர்ந்திருப்பது சில நிமிடம். பெங்களூர்ப் பக்கம் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில் இந்தச் சட்டை போட்ட இரும்பையும், சட்டையில்லாமல் மிக நுண்ணிதாக அரைத்த இன்னொரு இரும்புச் சேர்மத்தையும் ஒப்பிட்டார்கள். குழந்தைகளின் இரும்புநிலை இரண்டிலும் உயர்ந்தது. சட்டை போட்ட உப்பில் அயோடின் இழப்பு வெகுவாகக் குறைவு.

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம், இந்த இருசத்து உப்பைத் தயாரித்தது. 2000-களின் நடுவில் அது சத்துணவுக்கூடங்களின் சாம்பாருக்குப் போயிற்று. 2014 ஜூனில் அம்மா உப்பு என்ற பெயரில் கடைக்கும் வந்தது. இன்றைய விதிப்படி இருசத்து உப்பில் கிலோவுக்கு 850 முதல் 1,100 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் நின்றால் கிடைப்பது சுமார் 5 மில்லிகிராம் இரும்பு. நம் நாட்டுப் பெண்ணின் தேவை நாளைக்கு 29 மில்லிகிராம். இதைத் துணை என்று சொல்லலாம், சிகிச்சை என்று சொல்ல முடியாது. இரும்பு வேண்டுமென்று உப்பைக் கூட்டிக்கொள்வது ரத்த அழுத்தத்தை விலைக்கு வாங்குவது. கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் மாத்திரை இருக்கத்தான் வேண்டும், அட்டையோடு.

ரேஷன் கடைக்கு வந்த செறிவூட்டப்பட்ட அரிசியும் இதே குடும்பம்தான். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி உருவத்தில் அச்சில் பிழிந்து உலர்த்தி, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். மாவே அங்கே கூடு. அதை பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தட்டில் தெரியாத எதையோ யாரோ கலந்திருக்கிறார்கள் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். அது என்ன, ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்று கடைக்காரர் முதல் கலெக்டர் வரை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

அத்தைக்கு நான் சொன்னேன். மாத்திரை அட்டையின் பளபளப்பு எதற்கு, டப்பா ஏன் ஆகாது என்று. கேட்டுக்கொண்டார். மறுநாளே மருமகள் புது அட்டை வாங்கி வந்தாள், அது இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது இருசத்து உப்பு ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். அத்தை பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெள்ளைக்குள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்த ரெண்டு குருணைகளை நகத்தால் ஒதுக்கினார்.

"இதுதானா இரும்பு?"

"அதேதான் அத்தை. பொறுக்கிடாதீங்க."

சிரித்தார். பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வைத்தார். குழம்புக்கு மட்டும் ஜாடியைத் திறந்து கல் உப்பை அள்ளினார். செய்யூர் உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற உப்பு, அவருக்குக் கைக்கணக்கு அதில்தான். பட்டாணிப் பருமனுள்ள ஈரக் கல்லோடு இந்தக் குருணை நிற்காது, நழுவி அடியில் போய்விடும். பாக்கெட் தூள் உப்புக்கென்று தைத்த சட்டை அது. இந்தக் கரையோரத்தில் எத்தனை அடுப்படியில் இன்னும் கல் உப்பு ஜாடி இருக்கிறதோ, அத்தனை அடுப்படிக்கும் இந்த இரும்பு இன்னும் வந்து சேரவில்லை. ஜாடிக்குள் மரக்கரண்டியை விட்டபோது அடியில் தண்ணீர் சலசலத்தது.